மேல் மாடிக்குக் கேட்க வேண்டும்

“ஆம்ப்ளிஃபயர் உங்களுக்கு வேண்டாம் சார். வீண் செலவு” என்றாள் கார் ஆடியோ கடைக்காரி, கழற்றிய ஸ்பீக்கரைக் கையில் திருப்பிப் பார்த்தபடி.

உள்பக்கத் தகடு இல்லாமல் காரின் முன்கதவு எலும்பும் தோலுமாகத் தெரிந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்து, தொட்டாலே உதிர்ந்தது.

“இது கிழிஞ்சதாலதான் கரகரன்னு இரையுது. நல்லதா வேற மாட்டி, கதவு அதிராம உள்ளே ஒரு ஷீட் ஒட்டிட்டா, இருக்கிற செட்டே போதும். கண்ணாடியை ஏத்திட்டுக் கேட்டுப் பாருங்க, பாடுறவங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்து பாடற மாதிரி இருக்கும்.”

வந்திருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதுக்காரர். அப்போதுதான் பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடியை ஏத்திக் கேக்கறதுக்கு இல்லம்மா. வண்டி கீழே நிக்கும். மேல் மாடிக்குக் கேக்கணும். விடிகாலையில துடைக்கிற நேரத்துல ஒரு பாட்டு. அவ்வளவுதான்.”

அவள் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தாள். இப்படிப்பட்டவர்களால்தான் அவள் தொழிலுக்கே கெட்ட பெயர். அவள் தெருவிலும் ஒருவன் இருந்தான். அவன் கார் முனை திரும்பினாலே அவள் வீட்டுப் பாத்திரங்கள் தாளம் போடும், தூங்கும் குழந்தை வீறிட்டு எழும். அந்தக் காருக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டியவளும் அவள்தான் என்பது வேறு விஷயம்.

“தப்பா நினைக்காதீங்க சார். மேல் மாடியில யாரும் குடியில்லையா?”

“இருக்காங்களே. புருஷன், பொண்டாட்டி, ரெண்டே பேர்.”

“அவங்க என்ன பாவம் பண்ணாங்க? விடியறதுக்குள்ள காதைப் பிளந்தா சண்டைக்கு வரமாட்டாங்களா?”

“வராமலா! அந்த ஆள் தினமும் ஜன்னல்ல நின்னு கத்துவான். ஒரு நாள் ஒரு வாளி அழுக்குத் தண்ணியைத் தூக்கி இந்த வண்டி மேலேயே ஊத்தினான்.” சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது.

“அப்பவும் சத்தம் பத்தலைங்கறீங்க!” அவள் குரல் உயர்ந்தது. “அடுத்தவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற வேலை எனக்கு வேண்டாம். வேற கடையைப் பாருங்க.”

“வீம்புக்குக் கேக்கலைம்மா. கொஞ்சம் கேளு.” அவர் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு நாள் விடிகாலையில வழக்கம்போலப் பாட்டு ஆரம்பிச்சுது. திட்டறதுக்காக அந்த ஆள் எழுந்தான். பக்கத்துல பொண்டாட்டியைக் காணோம். போய்ப் பார்த்தா சமையல்கட்டுத் தரையில விழுந்து கிடக்கா. பேச்சு மூச்சு இல்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான், திட்டறதுக்கு இல்ல, ‘ஐயோ’ன்னு அலறறதுக்கு. இதோ, இந்தப் பின் சீட்டுலதான் அந்த அம்மாவைப் படுக்க வெச்சது. ஆஸ்பத்திரிக்குப் பறந்துச்சு வண்டி. மூளையில ரத்தக்கட்டாம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கை விட்டுப் போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அவள் மேசையை விட்டு அவர் பக்கம் வந்தாள்.

“இப்ப எப்படி இருக்காங்க?”

“இருக்காங்கம்மா. அதுவே பெரிசு. வலது கையும் காலும்தான் இன்னும் வரலை. படுத்த படுக்கை. பாவம், தூங்கட்டும்னு கீழே பாட்டை நிறுத்தியாச்சு. அவங்களோ, ‘பாட்டைக் காணோமே, இன்னும் விடியலையா?’ன்னு தினமும் குழறிக் குழறிக் கேக்கறாங்க.”

வேறு கடையைப் பாருங்கள் என்று எடுத்தெறிந்து பேசியது அவள் நெஞ்சில் உறுத்தியது. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உட்காருங்க சார். சத்தம் வேற, தெளிவு வேற. செட்டை மட்டும் நம்பி சத்தத்தைக் கூட்டினா, புது ஸ்பீக்கரா இருந்தாலும் பிசிறடிக்கும். அதனால ஆம்ப்ளிஃபயர் போட்டுடலாம். சின்னது போதும், சீட்டுக்கு அடியில அடங்கிடும். ஊரை எழுப்பாது. மாடிக்கு வார்த்தை வார்த்தையாப் போய்ச் சேரும்.”

“நீ நல்லா இருக்கணும்மா” என்றார் அவர். நாற்காலியில் உட்காரத்தான் இல்லை. அவள் ஒயர் இழுத்தபோது டார்ச் பிடித்தார். கழற்றிய திருகாணிகளைக் கீழே விழாமல் கைக்குட்டையில் பொத்தி வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் “ரொம்ப நன்றிம்மா” என்றார், அவள்தான் அவருக்கு எதையோ கொடுப்பது போல.

வேலை முடிந்ததும் நாலு கதவையும் திறந்து வைத்துப் பாட்டைப் போட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் படியேறி, மாடி வராந்தாவில் நின்று கேட்டாள். கீழே அவர் கண்ணை மூடி நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

“ஒரு எழுத்துகூடச் சிதறலை சார்!” மூச்சு வாங்க இறங்கி வந்தாள். “அந்த அம்மா கொடுத்து வெச்சவங்க. ஆனா எனக்கு ஒண்ணுதான் ஆறலை. அழுக்குத் தண்ணியை ஊத்தினவர் வீட்டுக்காக நீங்க இவ்வளவு செய்யறீங்க. அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு நன்றியாவது சொன்னாரா?”

அவர் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“கார்க்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலைம்மா. அதான், கழுவிக் கொண்டு வரேன்னு பொய் சொல்லி வண்டியை வாங்கிட்டு வந்தேன். நான் மேல் மாடி.”