தள்ளிப்போன தேர்வு

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வை நிலோஃபர் எழுதுவது இது மூன்றாம் முறை. முன்பு இரண்டு தடவையும், இன்னும் கூடுதலாக வாங்கிவிடலாம் என்று மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டு, தேர்வு தள்ளிப்போய்விட்டதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். இன்று தேர்வு முடிந்ததும் கணினித் திரையில் வந்திருப்பது அந்த இரண்டையும்விடக் குறைவு. கல்லூரிகளுக்கு அனுப்பவா, ரத்து செய்யவா என்று திரை கேட்டது.

“இன்னும் அரை நிமிஷந்தான் மேடம். எதையும் அழுத்தலன்னா அதுவே ரத்தாயிடும்,” என்றார் கண்காணிப்பாளர்.

சும்மா இருந்தாலே போதும். நொடிகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது நிலோஃபர் ‘அனுப்பு’ என்பதை அழுத்தினாள்.

வெளியே, கணவன் ஸ்கூட்டரைக் கிளப்பியபடி, “இன்னிக்கும் தள்ளி வச்சுட்டாங்களா?” என்றான்.

“எழுதிட்டேங்க,” என்றாள். பின்னால் ஏறாமல் நின்றாள். “மூணு தடவையுமே எழுதினேன்.”

அவன் வண்டியின் எஞ்சினை அணைத்தான்.