முள் இறங்கும் நேரம்

உப்பிப்போன கப்பாசிட்டர்களை மாற்றி, யாரோ தூக்கிப்போட்ட பழைய பவர் சப்ளைப் பெட்டிக்கு எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி உயிர் கொடுத்திருந்தார் தணிகைவேல்.

"பதிவில்லாத சாமானைச் சொருகினா மீட்டர் வீட்டுக்கே கரண்டை நிறுத்திரும்ங்க," என்றாள் மனைவி பரிமளா.

"சிப்பே இல்லாத பழசு இது. அதுக்கு எப்படித் தெரியும்?"

சொருகினார். பெட்டி முகப்பிலிருந்த வோல்ட் முள் துள்ளி எழுந்து பன்னிரண்டு வோல்ட்டில் நின்றது. அவர் சிரித்து முடிப்பதற்குள் விளக்குகள் அணைந்தன.

"அடையாளம் இல்லாத கருவி. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மின்சாரம் கிடையாது," என்றது சுவரிலிருந்த மின் மீட்டர்.

பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். மீட்டர் இரங்கவில்லை.

"என்னங்க, மாமாவோட ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு!" அடுத்த அறையிலிருந்து பரிமளா அலறினாள்.

அப்பா மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் கேட்டது. புதுக் கப்பாசிட்டர்களில் மிச்சமிருந்த கரண்டில், முள் மட்டும் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.