கழுத்து வளைந்த பூண்டு

"பக்கத்துத் தோட்டக்காரனை இந்த வருஷமே காலி பண்ண வைக்கிறேன் பாரு. இந்தா, கையெழுத்துப் போடு."

லுத்விக் காகிதத்தை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். தெக்லா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

'தோட்டச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு. பதினேழாம் எண் தோட்டத்தை எடுத்து இரண்டு வருடமாகியும் திரு. ரோமன் அதில் ஒரு பூண்டுப் பல்கூட நட்டதில்லை. புல்லும் ஊஞ்சலும் ரேடியோவும்தான் இருக்கின்றன...'

"வாரம் பூரா லாரி ஓட்டுறவன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் படுத்துக் கிடந்தா உனக்கு எங்க வலிக்குது?"

"லுப்ளின் டவுன்ல சங்கம் குத்தகைக்கு விடுற ஒரு துண்டுத் தோட்டத்துக்கு எத்தனை பேர் வரிசைல நிக்கிறாங்க தெரியுமா? இவன் புல்லுக்குத் தண்ணி ஊத்துறான்!"

"மொதல்ல பூண்டைப் பிடுங்கு. உப்புத் தண்ணில வெள்ளரிக்கா ஊறப்போடப் பூண்டு வேணும். ஆளை அப்புறம் பிடுங்கலாம்."

லுத்விக் முணுமுணுத்தபடி காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாத்திக்கு நடந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ரேடியோ அலறியது.

இந்த வருஷப் பூண்டில் அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அது தெக்லாவின் பிறந்த வீட்டுப் பூண்டு. கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அக்டோபரில் நடுவதும், ஜூலையில் பிடுங்குவதும், பெரிய பூண்டுகளை விதைக்கு எடுத்து வைப்பதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷம் நடாமல் விட்டால் போச்சு. வைத்திருக்கும் பல்லெல்லாம் சுருங்கிக் காய்ந்துவிடும், அந்த வகையே இல்லாமல் போய்விடும்.

போன அக்டோபரில் தெக்லாவுக்கு இருதய ஆபரேஷன். "நவம்பர் பொறந்து கல்லறைத் திருநாள் வர்றதுக்குள்ள பூண்டை நட்டுடு." அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தோட்டத்துக்கு ஓடிவந்தார். விதைப் பூண்டுக் கூடையைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடும்போது போன் வந்தது.

"நாளைக்குக் காலைலயே ஆபரேஷனாம். பூண்டு நட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. மேல வைக்கோலும் போட்டாச்சு. நீ நிம்மதியா இரு!" என்று தோட்டமே கேட்கும்படி கத்தினார். கூடையை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆபரேஷன், காய்ச்சல், மறுபடி காய்ச்சல் என்று ஒரு மாதம் போனது. கூடை ஞாபகம் வந்தபோது மண் உறைந்து கல்லாகியிருந்தது; இனி நட வழியில்லை.

மார்ச்சில் பயந்து பயந்துதான் தோட்டத்துக் கதவைத் திறந்தார். கூடை காலி. பாத்தியில் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு நான்கு வரிசை பச்சை முளை!

தொப்பியைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் முட்டி போட்டு அழுதார் மனுஷர்.

மச்சினி சுசன்னாதான் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஊரிலேயே கெட்டிக்காரத் தோட்டக்காரி அவள். வாய்விட்டுக் கேட்டால் தன் பொய் தெக்லாவின் காதுக்குப் போய்விடும். அதனால் ஈஸ்டருக்கு ஒரு ஜாடித் தேனைக் கொண்டுபோய் நீட்டினார்.

"எதுக்கு இது?" என்றாள் சுசன்னா.

"சும்மாதான்," என்றார்.

இப்போது முதல் பூண்டை மண்ணிலிருந்து நெம்பினார். கழுத்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

தெக்லா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி மனுஷா! எல்லாப் பல்லையும் கூரு கீழ இருக்கத் தலைகீழா நட்டிருக்கே! சங்கத்துக்கே பாடம் எடுக்கிற ஆளு!"

லுத்விக் சிரிக்கவில்லை. சுசன்னா தூக்கத்தில்கூடப் பூண்டைத் தலைகீழாக நடமாட்டாள்.

"தெக்லா... நான் நடவே இல்ல. அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"பின்னே யாரு நட்டது?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். இருவரும் ஆளுக்கொரு கோணல் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அந்தப் பக்கம் ரேடியோ நின்றது. ரோமன் ஊஞ்சலிலிருந்து இறங்கி வேலியோரம் வந்தான். பரீட்சை முடிவு பார்க்க வந்தவன் போல முகம்.

"என்னங்கம்மா, பூண்டு சரியா வரலையா?"

"ஏன் கேக்குறீங்க?" என்றார் லுத்விக்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. அன்னைக்கு நீங்க போன்ல அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. கூடை வெளியிலயே கிடந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் அப்படியே இருந்துச்சு, நீங்க வரல. ராத்திரி வேற உறைபனி விழ ஆரம்பிச்சிருச்சு. அம்மா பொழைச்சு வந்து பார்க்கும்போது நீங்க சொன்னது பொய்யாயிடக் கூடாதேன்னு..."

தெக்லா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

ரோமன் தலையைச் சொறிந்தான். "ஜென்மத்துல ஒரு செடி நட்டதில்லை ஐயா. ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா? கூரான பக்கம்தானே கீழ போகணும்? ஆணி மாதிரி?"

தோட்டத்தில் யார் எதைத் தப்பாக நட்டாலும் வேலி தாண்டிப் போய்த் திருத்துகிறவர் லுத்விக். ரோமனை இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட முறை வைத்துக் கூப்பிட்டதில்லை.

சட்டைப் பைக்குள் கையை விட்டுக் காகிதத்தைக் கசக்கினார்.

"ஆமாம் தம்பி," என்றார். "கூரான பக்கம்தான்."