தூக்கிய கை

"மூணு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேம்ப்பா. வீட்டுக்குப் போலாமா?"

மகள் ஈரத் தலையோடு எதிரில் வந்து நின்றாள். மருந்துக்கடைக்காரர் நீச்சல் குளத்து வாசலில், நடுவர்களுக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஸ்கூட்டர் சாவிக்காக எல்லாப் பைகளையும் தடவிக்கொண்டிருந்தார். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறை அணிகளுக்கான தொடர் நீச்சலில் முதலில் வந்தது இவர்கள் அணிதான். பதக்கம் வாங்கிக்கொண்டிருந்ததோ இரண்டாவதாக வந்த அணி.

நடந்தது இதுதான். ஓர் அணியில் நாலு பெண்கள், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நீந்த வேண்டும். வருகிறவளின் கை சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவளின் கால் மேடையை விட்டுக் கிளம்பலாம். அதைக் கவனிக்க ஒவ்வொரு லேனுக்கும் பெற்றோரில் ஒருவரை நிறுத்துவது இந்த மாதிரிப் போட்டிகளில் வழக்கம். தப்பு நடந்தால் அவர் வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் தூக்க வேண்டும். அணியின் கதை அத்தோடு முடிந்தது.

ஆள் பற்றாக்குறையில் மருந்துக்கடைக்காரருக்கு மகளின் லேனே வந்து சேர்ந்தது. வேறு லேனுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஒரு மாத்திரை மாறிப்போனாலும் வீடு தேடி ஓடி வந்து திருப்பி வாங்குகிற மனிதர், உங்களை நம்பாமல் யாரை நம்புவது என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாக நீந்தியது 'வாத்து' என்று எல்லோரும் கூப்பிடும் பெண். பின்னாலிருந்து அத்தனை பேரையும் முந்திக்கொண்டு வந்தாள். கடைசியாக இவர் மகள் குதித்தாள். இவர் கை மேலே போனது. தலைமை நடுவர் ஓடி வந்து, கால் முன்னாலேயே கிளம்பிவிட்டதா என்று காதோரம் கேட்டார். சுற்றிலும் அத்தனை கண்கள். மருந்துக்கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. முதலாவதாக வந்து சுவரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினாள். விஷயம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே முங்கிவிட்டாள்.

இப்போது வாத்தின் அம்மா இவர்களைத் தாண்டிப் போனாள். நேற்றுவரை 'என் ரெண்டாவது பொண்ணு' என்று இவர் மகளைக் கொஞ்சியவள், இன்று ஏதோ மின்கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டினாள். மகள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். முகம் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

பின்னாலேயே கோச் வந்தார். மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொந்தப் பொண்ணுன்னுகூடப் பாக்காம கையத் தூக்குனீங்களே சார். சத்தியமா எனக்கு மனசு வந்திருக்காது."

அடுத்த வருடம் இவரையே தலைமை நடுவராகப் போடச் சொல்லப்போவதாகவும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கூனிக் குறுகிப்போனார். புகழ்ந்தால் கூச்சப்படுகிறவர் போலிருக்கிறது என்று கோச்சுக்கு மரியாதை இன்னும் கூடியது. மகளைப் பார்த்து, அடுத்த வாரப் போட்டிக்கு அவள் கேட்டபடியே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"என்ன கேட்ட அவர்கிட்ட?" என்றார் அப்பா.

"இனிமே கடைசியா நீந்த மாட்டேன்னு. டீம்லயே வேணாம்னுதான் சொன்னேன். அவருதான் டீம்ல இரு, நீந்தாம ஓரமா உக்காந்திருன்னாரு."

விடிவதற்கு முன்பே எழுந்து, கோடை முழுக்க அந்தக் கடைசி இடத்துக்காக நீந்தியவள் அவள்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னப்பா? கை பட்டப்புறம்தான் குதிச்சேன்னு வாத்துகிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன். அப்ப உங்கப்பா பொய் சொல்றாரான்னு கேட்டா. அதுக்கு மேல நான் என்ன பேசறது? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. என் கண்ணுதான் என்னை ஏமாத்திருச்சு."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். குளித்து, சாப்பிட்டு, கடையைத் திறந்து உட்கார்ந்தால் நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்தாள்.

"எவ்ளோ முன்னாடிப்பா கெளம்புச்சு என் காலு? நீங்க மட்டும்தான் பாத்தீங்க. அது தெரிஞ்சா மாடிப்படியில நின்னாவது பழகிக்குவேன்."

தோளில் இருந்த கை சில்லென்றிருந்தது. அவமானம் அவர் காது மடல்வரை ஏறிச் சுட்டது. வண்டியை அணைத்தார்.

"எறங்கும்மா. கோச்சையும் அந்த மூணு பிள்ளைங்களையும் கூப்பிடு. பெரிய நடுவரையும் நிக்கச் சொல்லு. எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும்."

"என்னப்பா சொல்லணும்?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் உன் காலப் பாக்கவே இல்ல, கண்ணு. நீங்கதான் முதல்ல வர்றீங்கன்னதும் எனக்குத் தலைகால் புரியல. நடுவரா நிக்கிறதே மறந்துபோயி, சந்தோஷத்துல கையத் தூக்கிட்டேன்."