உறை பிரிக்காத வெண்கழுகு

வெண்கழுகு காமிக்ஸ் ரசிகர்கள் திரண்டிருந்த அரங்கில் சகாயமேரி மைக்கைப் பிடித்து, "உங்க வெண்கழுகு ஒரு கொலைகாரன்" என்றாள்.

 அரங்கமே கொதித்தெழுந்தது. இடிந்து விழும் பாலத்தைத் தன்னந்தனியாகத் தோளில் தாங்கி ஊரைக் காப்பாற்றியவனையா இப்படிப் பேசுவது? பாதிப் பேர் அந்தக் காட்சியைச் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டு வந்திருந்தார்கள். சட்டைகளில் படம் முழங்காலோடு முடிந்திருந்தது.

"புத்தகத்துல முழங்காலுக்குக் கீழ பாருங்க. அவன் கால் ஊனின இடத்துல, கல்லுக்கு நடுவுல ஒரு பொம்பளையோட கை நீட்டிக்கிட்டிருக்கு. அடுத்த கட்டத்துல அந்தக் கை இல்ல, அவன் கால்தான் இருக்கு."

"முப்பது வருஷமா வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று சீறினார் மன்றத் தலைவர் அருணகிரி.

"வச்சிருக்கீங்க சார். படிச்சீங்களா?"

சின்ன வயதில் படித்ததோடு சரி. அதன்பின் எல்லோரும் புத்தகத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டார்கள். உறை பிரிந்தால் மதிப்பு போய்விடும் என்பது மன்றத்தின் வேதம். இன்றும் உறையோடுதான் மடியில் வைத்திருந்தார்கள்.

சகாயமேரி குழம்புக்கறை படிந்த தன் பிரதியை விரித்துக் காட்டினாள்.

"அது ஏதோ மறுபதிப்பு" என்றார் அருணகிரி.

"அப்ப உங்களோடதப் பிரிங்க."

அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். யாரோ மைக்கை அணைத்தார்கள். அவள் மேடையை விட்டு இறங்கவில்லை.

"பிரிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கடைசி வரிசையில் ஓர் உறை கிழியும் சத்தம் கேட்டது.