இரும்பு இல்லாத அறை

“தாலியைக் கழட்டும்மா” என்றார் மேனேஜர் தாண்டவராயன்.

சரோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னா சார் பேசுறீங்க?” என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார்.

“தாலியில கோத்திருக்கியே, அந்த ஊக்கைச் சொன்னேம்மா. இரும்பு ஊக்கு! அதனாலதான் கோடு ஆடுது.”

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருந்த அந்தத் தொழிற்சாலையில் காந்தப் புலத்தை அளக்கும் சென்சார் செய்தார்கள். அரை அரிசி அளவுதான். மேலே இரும்பும் நிக்கலும் கலந்த மெல்லிய பூச்சு. சோதனை அறையில் சரோஜா சென்சாரை வைத்தால், வயர் வழியாக அடுத்த அறைத் தாளில் பேனா கோடு போடும். பக்கத்தில் காந்தம் இல்லாவிட்டால் கோடு நேராகப் போக வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். பேனா அதை மதிக்காமல் மெதுவாக மேலும் கீழும் அலைந்தது.

முதலில் பெங்களூர் ரோட்டு லாரிகளைத் திட்டினார். பிறகு போர்வெல் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் கேன்டீனில் உலை வைக்கவில்லை. இப்போது சரோஜாவின் முறை.

“அது சென்சாரோட குணம் சார். பக்கத்துல ஒண்ணுமே இல்லன்னாலும் மெதுவா ஆடிக்கினுதான் கீது. நாலு வருசமா பாக்குறேன்.”

“எனக்கே பாடமா? நாளைக்குச் சென்சார் வாங்கப் பெங்களூர் பார்ட்டி வருது. கோடு நேரா நின்னா நீ பெர்மனன்ட். ஆடுச்சுன்னா வீட்டுக்குக் கிளம்பு. இரும்பு கலந்தது எதுவும் அந்த ரூம்ல இருக்கக் கூடாது. எதுவும்!”

பெர்மனன்ட் என்ற ஒரு சொல்லுக்காக, பிள்ளைக்கு அம்மை போட்டபோதுகூட லீவு எடுக்காதவள் சரோஜா. அறையிலிருந்த இரும்பை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை வாசலில் டிபன் கேரியர், கொண்டை ஊசி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் குவிந்து கிடந்தன. மேனேஜரின் பெல்ட்டும் அதில் இருந்தது. சோதனை அறையில் மர மேசையும், நுனிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்ட செம்பு வயரும்தான் மிச்சம்.

பெங்களூர் பார்ட்டி கண்ணப்பன் வந்து, அடுத்த அறையில் தாளைப் பார்த்தார். பேனா மயிரிழைகூட அசையாமல் நேராக ஓடியது.

“பாத்தீங்களா சார்? எல்லாம் டிசிப்ளின்!” மேனேஜர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விருந்தாளி முன்னாலேயே பெர்மனன்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சரோஜா அதை இரண்டு தடவை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கண்ணப்பன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இருபது வருஷமா இந்த லைன்ல இருக்கேன். கொஞ்சம்கூட ஆடாத சென்சாரை இன்னைக்குத்தான் பாக்கறேன். கையில எடுத்துப் பாக்கலாமா?”

“தாராளமா! சரோஜா, சென்சாரை எடுத்துட்டு வாம்மா.”

“அத்த நேத்தே வெளிய வெச்சிட்டேன் சார், அதுலயும் இரும்பு கீதுல்ல?”