எலியேசர் சொல்லாத பதில்

"வழி விடுங்க! ஸ்கேன் ரூம் கதவைத் திறங்க!"

ஊழியர்கள் தள்ளி வந்த ஸ்ட்ரெச்சரின் குறுக்கே பாய்ந்து நின்றான் ரசீத். "எடுக்கக் கூடாது! எம் பொஞ்சாதி ஆறு மாசம்!"

மேலப்பாளையம் வேகத்தடையில் பைக்கிலிருந்து விழுந்தவள் தஸ்லிமா. காதோரம் ரத்தம். பேச்சுமூச்சு இல்லை.

ஸ்கேன் டெக்னீஷியன் எலியேசர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். "தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கான்னு பார்க்கணும் தம்பி. கையெழுத்துப் போடும்."

"போன மாசம் முதுகுவலின்னு எக்ஸ்ரே எடுக்க வந்தோம். வயித்துப் பிள்ளைக்குக் கதிர் படும்னு இதே வாசல்ல திருப்பி அனுப்புனது நீங்கதான அண்ணாச்சி? அன்னைக்கு உங்ககூட எவ்வளவு சண்டை போட்டேன்!"

"நான்தான். அன்னைக்கு அவசியமில்ல. இன்னைக்கு எடுக்கலேன்னா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க, போடுதேன்."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் வே. கதிர் தலைக்குத்தான். வயித்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அவ்வளவுதான் நிஜம்."

ரசீத் படிவத்தை வாங்கினான். "மாசமா இருக்கவளுக்கு இதுக்கு முன்ன எடுத்திருக்கீங்களா?"

"முதல்ல எடுத்தது ஆழ்வார்குறிச்சிக்காரி ஒருத்திக்கு. முப்பத்திமூணு வருஷம் ஆச்சு, மதுரையில. இதே தலையடி, இதே ஆறு மாசம்."

"அந்தப் பிள்ளை?"

எலியேசர் பேனாவைத் திணித்தார். "அதைச் சொல்லி உம்ம கையெழுத்தை வாங்க மாட்டேன். ஒரு பிள்ளை கதை இன்னொரு பிள்ளைக்குச் சாட்சி ஆகாது."

ரசீத் பேனாவைப் படிவத்தில் வைக்கவில்லை. எதற்காக மறைக்கிறார்?

"சார், ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரியுது, மூளை அழுந்துது!" என்று கத்தினாள் நர்ஸ்.

"யா அல்லா!" ரசீத் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினான்.

ஐந்தே நிமிடம். மண்டைக்குள் ரத்தக்கட்டு. நேராக ஆபரேஷன் தியேட்டர்.

மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் சுப்ரஜா முகக்கவசத்தை இறக்கினார். "ரத்தக்கட்டை எடுத்தாச்சு. பொழைச்சுக்கிடுவாங்க. பிள்ளையோட துடிப்பும் நல்லா இருக்கு."

ரசீத் சுவரில் சாய்ந்து குலுங்கினான். பிறகு எலியேசரின் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்பமாவது சொல்லுங்க அண்ணாச்சி. அந்த ஆழ்வார்குறிச்சி அம்மா பிள்ளை எப்படி இருக்கு?"

எலியேசர் டாக்டரைப் பார்த்தார்.

சற்றுமுன் தஸ்லிமாவின் மண்டையைத் திறந்து மூடிய கைகளைத் துடைத்தபடி சுப்ரஜா சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கேன்."